இரக்கப்பட்டது பிழையா? சுப்பவைசர் வேலைக்கு வந்து நாலு மாதம்

நண்டுமேசை
திங்கள், இரவு 10.20

இங்கே நான் எழுதுவது குறைவு. வாசித்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு எழுதாவிட்டால் நித்திரை வராது போலிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நண்டுச் சதை பிரித்து ரின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனி ஒன்றில் வேலை. ஆறு வருசம் மேசையில் நின்று சதை பிரித்தேன். நாலு மாதத்துக்கு முன் சுப்பவைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 22 பெண்கள். அதில் பாதிப் பேர் எனக்கு முன்பே வந்தவர்கள். நேற்று வரை அக்கா, அன்ரி என்று கூப்பிட்டுச் சோற்றுப் பெட்டியைப் பங்கு போட்டவர்களிடம் இன்றைக்கு நான் கணக்குக் கேட்க வேண்டும்.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீலக்கால் நண்டு அவிந்து ஆறி மேசைக்கு வரும். ஓட்டைக் கழற்றி, சின்னக் கத்தியால் சதையை உடையாமல் எடுக்க வேண்டும். நீந்துகிற பின்னங்காலின் அடியில் இருக்கும் முழுத் துண்டுக்குத்தான் விலை. உடைந்தால் தரம் இறங்கிவிடும். சதை சூடேறக் கூடாது என்பதால் தட்டு ஐஸ் மேலே இருக்கும். ஒரு மணித்தியாலம் போனால் விரல் நுனி மரத்துவிடும். மரத்த விரலுக்கு ஓட்டுத் துகள் தட்டுப்படாது. சதைக்குள் போன துகளைக் கடைசியில் ஊதா விளக்குக்குக் கீழே பார்க்கிற பிள்ளைகள் பிடிக்க வேண்டும். அவர்களும் விட்டால் பிறகு கடிதம் வரும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். தீவுப் பக்கத்திலிருந்து வருகிற அன்ரி ஒருவர். 54 வயது, கணவர் இல்லை, தாயார் படுக்கையில். வேலை தொடங்குவது காலை 7 மணிக்கு. அவர் வருவது 7.20, சில நாள் 7.25. மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் வரவுக் கொடுப்பனவு இல்லை. அவருடைய சம்பளத்துக்கு அது பெரிய காசு. நான் வரவு இடாப்பில் 7 என்று போட்டேன். இரண்டு மாதம் அப்படியே போட்டேன்.

போன கிழமை ஒரு தொகுதியில் ஓடு கண்டுபிடித்து முழு மேசைக்கும் ஊக்கத்தொகையை வெட்டிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கேட்டது: "அவவுக்கு மட்டும் மணிக்கூடு வேறயோ?" யாருமே மறுத்துக் கதைக்கவில்லை. எல்லாருக்கும் முதலே தெரிந்திருக்கிறது.

மனேஜர் கூப்பிட்டார். "நீர் இரக்கப்படுகிறதென்றால் ஆச்சிரமம் நடத்தும். மேசை நடத்த ஏலாது" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அன்ரிக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டுமாம்.

மேலே வருகிற ஆளுக்கு இரக்கம் இருக்கவே கூடாதா? இருந்தால் எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 10.55

தங்கச்சி, கோவிக்க வேண்டாம். இடாப்பில் பொய் நேரம் போட்டதை இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அது கொம்பனிக் காசு. உங்கள் காசில் இரக்கப்பட்டிருந்தால் வேறு கதை.

கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்றில் 19 வருசம் கணக்கு எழுதினவன் நான். முதலாளிக்கு எங்கள் எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் தெரியும். யாருக்கு எப்போது சோதனை, யார் வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம், எல்லாம் தெரியும். பொங்கலுக்குச் சீலை, வேட்டி. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், கண்ணும் கலங்கும். நடிப்பு என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே கலங்கும். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் போட வேண்டிய 12 வீதத்தைப் பல வருசம் போடவில்லை. எங்கள் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் போய்ச் சேரவில்லை. சாமான் இறக்குகிற ஐயா 60 வயதில் நின்று, காசு எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அவர் திரும்பி வந்து கடை வாசலில் இருந்தார். முதலாளி வெளியே வந்து தோளில் கை வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்தத் தேத்தண்ணியைப் பார்த்த நாளிலிருந்து இந்த இரக்கம், பரிவு எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கண். சட்டப்படி தர வேண்டியதை முதலில் தா. மிச்சம் இருந்தால் கண்ணீர் விடு.


இரவுக்கடமை
திங்கள், இரவு 11.30

உங்கள் முதலாளி கதை சரி அண்ணை. ஆனால் இந்தப் பிள்ளை யாருடைய காசையும் தன் பையில் போடவில்லை. ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நண்டுமேசை, ஒன்று கேட்கட்டுமா? அன்ரி ஏன் பிந்துகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா?


நண்டுமேசை
திங்கள், இரவு 11.41

கேட்கவில்லை. தாயார் படுக்கை என்று எல்லாருக்கும் தெரியும்தானே. விடிய எழுந்து துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு வர வேண்டும். அதைக் கேட்டு அவரைக் கூச்சப்படுத்தக் கூடாது என்று விட்டேன்.


பழைய மணி
செவ்வாய், காலை 6.10

கேட்காமல் விட்ட கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற அதிபர். இதைச் சொல்ல இப்போதும் விருப்பமில்லை.

கரையோரப் பள்ளிக்கூடம். பிந்தி வருகிறவர்களை வாசலில் வரிசையாக நிறுத்திப் பெயர் எழுதுவோம். ஆண்டு 8இல் ஒரு பெடியன் கிழமையில் நாலு நாள் பிந்துவான். செருப்பு நனைந்திருக்கும், காற்சட்டை விளிம்பில் மணல். தகப்பனோடு விடியற்புறம் வலையில் மீன் கழற்றிவிட்டு வருகிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வரிசையில் நிற்க வேண்டாம், பக்கக் கதவால் வா என்றேன். அன்றைக்கு முழுக்க எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம். வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

மூன்றாம் கிழமை அவன் வரவில்லை. நாலாம் கிழமையும் இல்லை. பெடியள் அவனுக்குப் "பக்கக் கதவு" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். விளையாட்டிலும் சேர்ப்பதில்லையாம். வீட்டுக்குப் போனேன். தகப்பன் கடலுக்குப் போகிற ஆளே இல்லை. ஒழுங்கையில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் அது. தாய்க்கு ஏலாது, இவன்தான் நிரப்ப வேண்டும். குழாயடியில் மணல். நான் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பான்.

அவன் திரும்பி வரவேயில்லை. இன்றைக்குச் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், நல்லாய்த்தான் இருக்கிறான். என் சைக்கிளுக்குக் காற்றடித்தால் காசு வாங்க மாட்டான், "சேர்" என்பான். நான் வேறு கடைக்குப் போகப் பார்க்கிறேன்.

இன்னொன்று. திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரம் 58ஆவது. ஆட்களின் துன்பத்தின் மேல் கண் ஓடுவது, அதுதான் கண்ணோட்டம். இப்போது நாங்கள் அந்தச் சொல்லை "என்னுடைய கண்ணோட்டத்தில்" என்று அபிப்பிராயம் சொல்லப் பிடித்துக்கொண்டோம். பொருள் மற்ற ஆளிலிருந்து எங்களிடமே திரும்பி வந்துவிட்டது. வள்ளுவர் அதை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், அரசனுடைய வேலைகளுக்கு நடுவில் வைத்தார். அதற்குள் 578ஆம் குறளில் "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு" என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். வேலையும் கெடக் கூடாது, கண்ணும் ஓட வேண்டும். வல்லார் என்ற சொல்லைப் பாருங்கள். இது குணத்தோடு பிறக்கிற சங்கதி இல்லை, பழகிக் கைவர வேண்டிய வித்தை. உங்கள் மனேஜர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்கிறார். தெரிவு செய்வது சுகமான வழி.

அடுத்த அதிகாரம் ஒற்றாடல், அதாவது உளவு பார்ப்பது, என்பதையும் கவனிக்க. (இது பகிடிக்கு.)


ஸ்காபரோ குளிர்
செவ்வாய், காலை 7.05

இங்கே கனடாவில் எங்கள் கொம்பனியில் இதற்கென்று வருசத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. ஒருவரை ஒருவர் பார்த்து "உங்களுடைய நிலை எனக்கு விளங்குகிறது" என்று சொல்லிப் பழக வேண்டும். வகுப்பு முடிந்த அடுத்த கிழமை என்னுடைய விடுமுறையை வெட்டினார்கள், அதே வசனத்தைச் சொல்லி.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சொல்லின் கதை சுவையானது. எம்பதி (பரிவு) என்ற ஆங்கிலச் சொல்லை 1909இல் எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் உண்டாக்கினார், ஜேர்மன் சொல் ஒன்றின் மொழிபெயர்ப்பாக. அந்த ஜேர்மன் சொல் முதலில் மனிதரைப் பற்றியதே இல்லை. ஒரு ஓவியத்தைப் பார்க்கும்போது அதற்குள் எங்களை நுழைத்து உணர்வதைப் பற்றியது. தலைவர்களுக்கு இது வேண்டும் என்ற கதையை 1990களில் டானியல் கோல்மன் என்ற எழுத்தாளர் பரப்பினார். தமிழில் நாங்கள் பச்சாதாபம் என்று எழுதுகிறோம். சமஸ்கிருத மூலத்தில் அதற்குப் பொருள் செய்தபின் வருந்துவது. அதிபர் ஐயாவின் கதைக்கு அந்தப் பழைய பொருள்தான் பொருந்துகிறது.

சத்யா நாதெல்லா மைக்ரோசொப்ட்டில் 1992இல் நேர்முகத்துக்குப் போனபோது கேட்டார்களாம்: தெருவில் ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வீர்? 911 என்ற அவசர இலக்கத்துக்கு அழைப்பேன் என்று இவர் சொன்னார். கேட்டவர் எழுந்து, விழுந்த பிள்ளையை முதலில் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கதவு வரை கூட்டிக்கொண்டு போனாராம். அவரே பல இடங்களில் சொன்ன கதை. 2014இல் அதே கொம்பனிக்குத் தலைவராக வந்தார், வந்ததிலிருந்து பரிவைப் பற்றியே பேசினார், கொம்பனியும் மேலே போனது.


கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 8.40

அதே கொம்பனிதானே 2023 ஜனவரியில் 10,000 பேரை நிற்பாட்டப் போவதாக அறிவித்தது? பிள்ளையைத் தூக்கி வேறு வீட்டு வாசலில் வைத்துவிட்டார்கள் போல.


ஸ்காபரோ குளிர்
செவ்வாய், காலை 8.52

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. சரி, அப்போ நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன்? கிரைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15இல் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். அடுத்த நாளே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்தச் சனங்களுக்கு நடுவில் போய் நின்றாரே. அதையும் கணக்கில் கழித்துவிடுவீர்களா?


கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 9.15

கழிக்க மாட்டேன். ஏனென்று சொல்கிறேன். ஏப்ரல் 10ஆம் திகதி துப்பாக்கிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 119க்கு ஒன்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சட்டம் வராமல் விட்டிருந்தால் முக்காடு ஒரு படம், அவ்வளவுதான். எங்கள் ஊருக்கும் படம் எடுக்க வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.


[இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. பெண்களைப் பொறுப்பில் வைப்பது பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் மரியாதையாகக் கதைக்கவும். மட்டுறுத்தினர்]


களங்கட்டி
செவ்வாய், பகல் 1.30

தங்கச்சி, உங்கள் மேசைக்கு வருகிற நண்டு எங்கள் வலையில் பட்டதாகவும் இருக்கும், அதனால் நானும் ஒரு பங்காளி. எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். 2022 முழுக்க அந்தக் கதிரையில் இருந்தவன் என்றால் விளங்கும்.

சின்னப் படகுக்கு மண்ணெண்ணெய்தான். இல்லையென்றால் கடல் இல்லை, கடல் இல்லையென்றால் அடுப்பு இல்லை. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அதற்கு முதல் மாதங்களில் விலை 87தான், ஆனால் சாமான் இல்லை. சங்கத்துக்கு ஒரு நாள் கொஞ்சம் வந்தது. யாருக்குக் கொடுப்பது?

முதல் நாள் ஒருவர் வந்து அழுதார். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் ஒன்றும் இல்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கானை எடுத்து நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் பத்துப் பேர் வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு கதையோடு. மூன்றாம் நாள் கதை சொல்லத் தெரிந்தவனுக்கு எண்ணெய், வாய் பேசாதவனுக்கு இல்லை என்ற நிலை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு ஊமை மனுசன் இருக்கிறார், சங்கத்துக்கு வந்து பின்னால் நின்றுவிட்டுப் போவார். அவருடைய கான் காலியாகவே போனது. அவரை நான் மூன்று நாளும் கண்டேன், ஆனால் பார்க்கவில்லை.

பிறகு கூட்டம் வைத்தோம். சத்தம், சண்டை, ஒருவர் கதிரையைத் தூக்கினார். கடைசியில் பலகையில் எழுதினோம்: நேற்றுப் போகாதவனுக்கு இன்றைக்கு முதல் இடம். அதோடு ஒவ்வொரு முறையும் ஒரு கான் புறம்பாக வைப்பது, வருத்தம், செத்த வீடு என்று வருகிறவர்களுக்கு. அதை நான் தனியாகக் கொடுக்க ஏலாது. மூன்று பேர் இருந்து முடிவெடுக்க வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவர் எனக்குப் பிடிக்காத ஆள். அதுவும் வேண்டும் என்றே வைத்தது.

முதல் நாள் அழுதவருக்குக் குழந்தைக் காய்ச்சல் உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. அதனால் நான் செய்தது பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் எனக்கு முன்னால் நின்றவனுக்கு மட்டும்தான் தலைவன்.


ஸ்காபரோ குளிர்
செவ்வாய், பின்னேரம் 4.00

களங்கட்டி அண்ணை சொன்னதைத்தான் உளவியலாளர் போல் புளூமும் சொல்கிறார். பரிவு என்பது டோர்ச் வெளிச்சம் மாதிரி. விழுகிற இடம் பளிச்சென்று தெரியும், சுற்றியிருப்பது முன்னைவிட இருட்டாகும். அதனால் பரிவை நம்பி முடிவெடுக்காதே என்பது அவருடைய வாதம். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் 22 பேரில் ஒருவர் மேல் வெளிச்சம், மற்ற 21 பேர்? அவர்களிலும் ஒருத்திக்குப் படுக்கையில் தாய் இருக்கலாம்.


நாவற்குழி வெயில்
செவ்வாய், இரவு 8.15

எல்லாரும் இனிமையாகப் பேசுகிறவர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். வாய் திறந்தால் வசவு வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. நாங்கள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் விழுந்தோம். ஒரு கிணறு, நூற்றுக்கணக்கில் சனம். அங்கே ஒரு ஆச்சி. யாரும் நியமிக்கவில்லை, தானாகக் கிணற்றடியைப் பிடித்துக்கொண்டார். "எருமையள், வரிசையில நில்லுங்கோ" என்பதுதான் அவருடைய நல்ல வார்த்தை. எனக்குப் பத்து வயது, அவருக்குப் பயம்.

மூன்றாம் நாள் தண்ணீர் அள்ளப் போனேன். துலாக் கயிற்றில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு. முதல் நாள் அது வெறும் கயிறு, நனைந்து வழுக்கி என் உள்ளங்கை உரிந்திருந்தது. இரவோடு இரவாக ஆச்சி இருந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். எனக்கு என்று இல்லை. கிழவிகளும் சின்னன்களும் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பார்த்து "என்ன பாக்கிறாய், இழு" என்றார்.


இரவுக்கடமை
புதன், அதிகாலை 4.50

இந்தக் கயிற்றை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. இப்போது வார்ட் அமைதி, ஆறு மணி மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நண்டுமேசை, உங்கள் முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். அன்ரியைப் பற்றி எழுதியதைவிட விரலைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. விரல் மரத்தால் துகள் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஓடு போனதற்கும் அன்ரி 20 நிமிசம் பிந்தியதற்கும் என்ன சம்பந்தம்? மனேஜர் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டார், நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டீர்கள். ஆறு வருசம் அந்த ஐஸ் மேல் நின்றவர் நீங்கள். மனேஜருக்கு அந்த விரல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்களைச் சுப்பவைசர் ஆக்கியதால் கொம்பனிக்குக் கிடைத்ததே அதுதான். நீங்கள் அதை விட்டுவிட்டு இடாப்பில் இரக்கத்தைச் செலவழித்திருக்கிறீர்கள்.

என் கதையும் ஒன்று. வேலைக்கு வந்த முதல் வருசம் என் கட்டிலில் ஒரு குழந்தை போய்விட்டது. நான் மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். சிஸ்டர் வந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. போயிருந்தால் நான் அடுத்த நாள் வந்திருக்க மாட்டேன். ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து வைத்து, என் பக்கத்தில் இருந்து, இரண்டு பேருமாகச் சதுரமாக மடித்தோம். ஐம்பதோ அறுபதோ மடித்திருப்போம். ஒரு வார்த்தை இல்லை. பிறகு அவர் எழும்பி, "ஏழாம் கட்டிலுக்கு சேலைன் முடியப் போகுது" என்றார். போய் மாற்றினேன்.

அந்த சிஸ்டர் ரோஸ்டர் போடும்போது யாருக்கும் சலுகை காட்ட மாட்டார் என்று பெயர். தீபாவளி இரவுக் கடமை ஒரு வருசம் உனக்கென்றால் அடுத்த வருசம் உனக்கு இல்லை, எழுதி ஒட்டியிருப்பார். அவருடைய சொந்தக்காரப் பிள்ளைக்கும் அதே கதைதான். அதனால்தான் அவர் துணி மடிக்க வந்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் எல்லாருடைய வலியையும் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருசம் தாங்காது. ஆர்டெர்னே 2023 ஜனவரியில் இனித் தன்னிடம் தெம்பு மிச்சமில்லை என்று சொல்லித்தானே விலகினார். அதுவும் கணக்கில் வரட்டும்.

விரலுக்கு: வெந்நீரில் வைக்கக் கூடாது, மரத்த கையில் சூடு தெரியாது, சுட்டுவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், பிறகு நன்றாகத் துடைத்துக் காய்ந்த கையில் புதுக் கையுறை. வெட்டுக்காயம் இருந்தால் மேசைக்கே போகக் கூடாது.


கணக்குப்பிள்ளை
புதன், காலை 7.30

"உங்களைச் சுப்பவைசர் ஆக்கியதால் கொம்பனிக்குக் கிடைத்ததே அதுதான்."

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இடாப்பை முதலில் சரி செய்யுங்கள் தங்கச்சி. நீங்களாகப் போய்ச் சொன்னால் பிழை. அவர்களாகக் கண்டுபிடித்தால் மோசடி.


பழைய மணி
புதன், காலை 7.48

அத்தோடு, அன்ரியிடம் கேளுங்கள். தனியாக, மேசைக்கு அப்பால், நின்றுகொண்டு கேட்காமல் பக்கத்தில் இருந்து.


நண்டுமேசை
சனி, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் நினைத்த மாதிரியும் முடியவில்லை, நான் நினைத்த மாதிரியும் முடியவில்லை.

புதன் தேத்தண்ணி நேரம் அன்ரியோடு பின்பக்கப் படியில் போய் இருந்தேன். கேட்டேன். தாயார் காரணமே இல்லை. தாயாரைக் காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது, அதற்கு அன்ரி காசு கொடுக்கிறார். பிரச்சினை பஸ். தீவிலிருந்து வருகிற முதல் பஸ் பண்ணைப் பாலம் தாண்டி ரவுணுக்கு வந்து சேரும்போது எங்கள் பக்கம் வருகிற பஸ் வெளிக்கிட்டுவிடும். அடுத்ததுக்கு நின்றால் இன்னும் பிந்தும் என்று நடந்து வருகிறார். நான் இரண்டு மாதமாக என் தலைக்குள் ஒரு படுக்கையையும் ஒரு தாயையும் வைத்து உருகிக்கொண்டிருந்தேன், அவர் றோட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

இடாப்பில் 7 போட்டதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. கொடுப்பனவு வந்ததைக் கண்டு, 20 நிமிசத்தைக் கொம்பனி கணக்கெடுப்பதில்லை என்று நினைத்திருக்கிறார். முகம் கறுத்துவிட்டது. "பிள்ளை, நான் உன்னட்டப் பிச்சை கேட்டனானோ?" என்றார். எழும்பிப் போய்விட்டார்.

வியாழன் மனேஜரிடம் போய் இடாப்பு என் பிழை, அன்ரிக்குத் தெரியாது என்றேன். கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார், எனக்கு. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதக் கொடுப்பனவையும் என் சம்பளத்தில் வெட்டச் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சம்பளம் வரும்போதுதான் தெரியும்.

கையோடு இன்னும் இரண்டு விசயம் கேட்டேன். ஒன்று, தூரத்திலிருந்து வருகிறவர்கள் 7.30க்குத் தொடங்கி, பின்னேரம் அரை மணித்தியாலம் நின்று மேசை கழுவிக் கொடுப்பது. எல்லாருக்கும் தெரிய, பலகையில் எழுதி. ஒரு மாதம் பார்ப்போம் என்றார். மற்றது, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிசம் ஐஸை விட்டு எழும்பி, இளஞ்சூட்டுத் தண்ணீர், புதுக் கையுறை. இதற்குத்தான் பெரிய வாக்குவாதம். 22 பேர், பத்து நிமிசம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போகும் என்று கல்குலேற்றரில் தட்டிக் காட்டினார். சேர், நீங்கள் ஒருக்கால் வந்து ஒரு மணித்தியாலம் பிரித்துப் பாருங்கோ என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் வரவில்லை. ஆனால் வெள்ளியும் சனியும் மட்டும் செய்து பார் என்றார்.

நேற்றும் இன்றும் செய்தோம். விளக்கு மேசைப் பிள்ளைகளிடம் துகளை எண்ணி ஒரு தாளில் போடச் சொன்னேன். குறைந்தமாதிரித்தான் இருக்கிறது. ஆனால் முன்பு யாரும் எண்ணவில்லை, எதோடு ஒப்பிடுவது? கணக்குப்பிள்ளை அண்ணைக்கு இது பிடிக்காது என்று தெரியும். எடையும் கொஞ்சம் குறைந்தது. கிலோக் கணக்கில் சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் எங்களுக்கு இந்தப் பத்து நிமிசம் வேண்டாம், வேலை செய்ய விடு என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"மணிக்கூடு வேறயோ" என்று கேட்ட பிள்ளை இன்றைக்கு வந்து 7.30 பட்டியலில் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். முன்பள்ளி 7.15க்குத்தான் திறக்குமாம். இவ்வளவு நாளும் பிள்ளையைப் பூட்டியிருக்கிற கேற் வாசலில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பட்டியலில் இப்போது ஐந்து பெயர். மனேஜர் மூன்றுக்குத்தான் ஓம் என்றவர்.

அன்ரியின் பெயரை அதில் முதலாவதாக நான் எழுதியிருந்தேன். இன்றைக்குப் பார்த்தால் அது வெட்டியிருக்கிறது. காலையில் 6.50க்கு வந்து நின்றார், ஓட்டோவில் வந்ததாகச் சொன்னார்கள். மத்தியானம் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேசையின் மற்ற முனைக்குப் போய் இருந்தார். திங்கள் மறுபடியும் படியில் போய் இருந்து பார்க்கிறேன்.